பெரிய சூசை, சின்ன சூசை

என் அப்பாவை நான் முதல் தடவை சாகடித்தது ஒரு வாடகை அறைக்காக. இரண்டாம் தடவை சாகடித்தது ஒரு கவிதைக்காக. பயப்பட வேண்டாம். இரண்டு தடவையும் அவர் பூந்தமல்லியில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மரம் இழைத்துக்கொண்டிருந்தார். தான் செத்துப்போன செய்தி அவருக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. அது வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டில் இந்தக் கதையை யாராவது அடிக்கடி சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வருவேன்.

முதலில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். (பாடமும் மாறவில்லை, நானும் மாறவில்லை.) எனக்கு ஐந்து வயதாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். தங்கை ஸ்டெல்லா அப்போது கைக்குழந்தை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாதான் சோறு வடித்தார், தலை வாரினார், ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதும் தன் பட்டறைக்கே கூட்டிப் போனார். ஆறு மாதம் தாக்குப் பிடித்தேன். ஒரு நாள் அவர் மரம் இழைக்கும் இழைப்புளியை எடுத்துப் போய் விற்று, சினிமா பார்த்து, பரோட்டா தின்று, மிச்சத்தில் ஒரு கூலிங் கிளாஸும் வாங்கினேன். திருடியவன் அந்தக் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நுழையக் கூடாது என்ற அளவுக்குக்கூட எனக்கு அறிவு இல்லை. அப்பா நாலு பேர் எதிரில் ஓங்கி ஓர் அறை விட்டார். கண்ணாடி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அன்று சாயங்காலம் பெங்களூர் லாரி ஒன்றில் ஏறிவிட்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது.

பிறகு ஏழு வருஷம். பெங்களூரில் தட்டு கழுவினேன். ஹூப்ளியில் லாரி கிளீனர், லாரி கவிழ்ந்தது. பம்பாயில் மஞ்சள் காமாலை வந்தது, போனது. நெல்லூரில் ரைஸ் மில் பெல்ட்டில் ஒரு விரல் நுனி போனது. இடது கை, பரவாயில்லை. கடைசியில் சுற்றிச் சுற்றி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பம்பாய் வரை போய் வந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியவில்லை. எந்த முகத்தோடு போவது? போனால் பெரிய ஆளாகப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிய ஆளாவதற்கு முன் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

மண்ணூர்பேட்டையில் ரெஜினாம்மா என்று ஒரு விதவை, வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். தனி ஆளுக்குத் தர மாட்டேன் என்று முதலில் சொன்னார். அப்புறம், எந்த ஊர், கோயிலுக்குப் போகிற பிள்ளையா, அப்பா என்ன செய்கிறார் என்று வரிசையாகக் கேட்டார். அப்பா இருக்கிறார் என்றால் ஏன் வீட்டில் இல்லை என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் இழைப்புளி வரும், கூலிங் கிளாஸ் வரும். ஆகவே, "செத்துட்டாருங்க" என்றேன்.

எப்போது என்றார். போன தவக்காலத்தில் என்றேன். பேர் என்ன என்றார். எனக்குப் பொய் சொல்ல வரும், ஆனால் சட்டென்று பேர் வைக்க வராது. "சூசை. பூந்தமல்லி சூசை" என்று உண்மைப் பேரையே சொல்லிவிட்டேன்.

ரெஜினாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறை கிடைத்தது. அன்று ராத்திரி சாப்பாடும் கிடைத்தது. அப்பா இல்லாதவனுக்கு உலகம் இவ்வளவு வசதி செய்து தரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஞாயிறு தவறாமல் கறிக்குழம்பு வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சட்டை வந்தது. எனக்குத் தலைவலி என்றால் அவர் தைலத்தோடு வந்து, அப்பன் இல்லாத பிள்ளை என்று பெருமூச்சு விட்டுத் தேய்த்துவிடுவார். நானும் கூடவே ஒரு பெருமூச்சு விடுவேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கவிதை ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியிருந்தது. எஸ்டேட்டில் கம்பெனிக்கு இரண்டு கவிஞர்கள் இருந்தார்கள். நானும் எழுதினேன். லேத் ஓடும்போது மனசுக்குள் எழுதி, டீ இடைவேளையில் ஜாப் கார்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். அருள்தாஸ் என்கிற பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு "சோகதாசன்" என்று வைத்துக்கொண்டேன். (இப்போது சிரிக்கலாம். அப்போது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கெடுதல்.) முதலில் எழுதியதெல்லாம் காதல் கவிதை. பக்கத்து லேத்தில் வேலை செய்த மாணிக்கம்தான் என் ஒரே விமர்சகன். மண்ணூர்பேட்டைக்காரன், அவன் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தின் மேல்தான் இப்போது எங்கள் பட்டறை நின்றது. அவன் ஒரு நாள் சொன்னான்:

"மச்சான், உன் காதல் கவிதல்லாம் எங்கியோ படிச்ச மாரியே கீது. அப்பன் செத்தத எழுது மாமே. அதுலதான் உனுக்கு அனுபவம் கீது."

எழுதினேன். ஒன்று எழுதினால் நின்றிருக்கலாம். இருபத்திரண்டு எழுதினேன். அதில் ஒன்று:

அப்பா,
நீ இறந்த அன்று
மழை பெய்தது.
என்னிடம் குடை இல்லை.
இருந்த ஒரே குடையைத்தான்
குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை டீக்கடையில் படித்துக் காட்டியபோது வெல்டர் ஒருவர் பெஞ்சை விட்டு எழுந்து போய் அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிஜமாகவே செத்துப்போன அம்மாவைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் நினைவில்லை. அப்பாவைப் பற்றி நினைவு இருந்தது, அவர் உயிரோடும் இருந்தார். சாகடிக்க ரொம்ப வசதியாக இருந்தது.

கவிதைகளைச் சேர்த்துப் புத்தகம் போடுவது என்று மாணிக்கம் முடிவு செய்தான். தலைப்பு: "ஓர் அநாதையின் அந்திகள்". அதற்குக் கீழே, "வாழ்வனுபவ உணர்ச்சிக் கவிதைகள்". உள்ளே முதல் பக்கத்தில், "மறைந்த என் தந்தை பூந்தமல்லி சூசை அவர்களின் நினைவுக்கு." அடித்துக் கொடுத்தது கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகம். ஆகவே புத்தகத்தின் அட்டையைச் சுற்றித் தடித்த கறுப்புக் கட்டம் வந்தது. விழா அழைப்பிதழின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா என்னைக் கண்டுபிடித்தாள். அவள் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போது எனக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணா" என்றாள். பின்னாலிருந்து பார்த்தாளாம், நான் நடக்கும் விதம் அப்படியே அப்பா மாதிரி இருந்ததாம். பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல் கையில் இருந்த டிபன் பாக்ஸால் என் தோளில் அடித்து அடித்து அழுதாள். அதற்குப் பிறகு வாராவாரம் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வா என்பாள். புத்தகம் வரட்டும், புத்தகத்தோடு வந்து அப்பா காலில் விழுகிறேன் என்பேன். அந்தத் திட்டம் உண்மையானது. அப்பாவுக்கென்று ஒரு பிரதியைத் தனியாக எடுத்து, அவர் செத்த பக்கங்களை மட்டும் பிளேடால் நறுக்கி எடுத்தும் வைத்திருந்தேன். (நறுக்கிய பிறகு புத்தகம் அழைப்பிதழை விடக் கொஞ்சம்தான் தடிமனாக இருந்தது.)

அழைப்பிதழைக் கொடுத்தபோது ஸ்டெல்லா படித்துவிட்டு, "அநாதையா? யாருண்ணா அநாத?" என்று கேட்டாள். அதெல்லாம் கற்பனை என்றேன். அப்பாவிடம் மட்டும் காட்டாதே என்று மூன்று தடவை சொன்னேன். அவள் மூன்று தடவையும் தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் காட்டிவிட்டாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய ஓட்டுக் கூடத்தில். இடத்தை இலவசமாகத் தந்த பங்குச் சாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: விழாவுக்கு வருகிறவர்கள் முதலில் பூசைக்கு வர வேண்டும். மாணிக்கம் உட்பட லேத் பட்டறை ஆட்கள் எல்லோரும் குளித்து, திருநீறு வைத்துக்கொண்டு வந்து கோயில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் முன்வரிசையில், பளபளப்பான சட்டையில், கவிஞர்கள் உட்கார வேண்டிய மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். ரெஜினாம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உனக்கு இன்றைக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். கறிக்குழம்பு என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் கோயில்களில் ஒரு வழக்கம். இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று வீட்டார் ஒரு பூசைக்குப் பேர் கொடுப்பார்கள். பூசை தொடங்கும் முன் உபதேசியார் அந்தப் பேரை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். அன்றைக்கு அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்: இன்றைய பூசை, நம் பங்குக் கவிஞர் சோகதாசனின் தந்தை, மறைந்த பூந்தமல்லி சூசை அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. பேர் கொடுத்தவர், மண்ணூர்பேட்டை ரெஜினா.

ரெஜினாம்மாவுக்கு நன்றி சொல்லும் பாவனையில் திரும்பினேன். ஆண்கள் பக்கம், கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில், வெள்ளைச் சட்டையில் பூந்தமல்லி சூசை உட்கார்ந்திருந்தார்.

தலை முழுக்க நரைத்திருந்தது. காதில் பென்சில் இல்லாததால் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அதற்குள் மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், அவரும் எழுந்தார்.

அந்த ஒரு மணி நேரம் என் உடம்பு கோயிலில் இருந்தது, மனசு பெங்களூர் லாரியைத் தேடிக்கொண்டிருந்தது. சாமியார் ஆடை மாற்றும் அறை வழியாக ஓடிவிடலாமா என்று யோசித்தேன். சூசையின் ஆன்மாவுக்கு நித்திய வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்று சாமியார் வேண்டியபோது எல்லோரும் ஆமென் என்றார்கள். பின்னாலிருந்து, மரத்தூள் அடைத்த அந்தக் கரகரத்த குரலும் ஆமென் என்றது. நற்கருணை வாங்க வரிசையில் என்னைத் தாண்டிப் போனார், தாண்டி வந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் வேப்ப மரத்தடியில் அவரும் ஸ்டெல்லாவும் நின்றிருந்தார்கள். ஸ்டெல்லாவின் முகம் வெளுத்திருந்தது. "இன்னாண்ணா இது? யாருண்ணா செத்தது?" என்றாள். அதற்குள் ரெஜினாம்மா வந்துவிட்டார், பின்னாலேயே மாணிக்கமும். ரெஜினாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு நிறைவாகப் பூசை நடந்தது என்று சொன்னார். அப்புறம் எங்கள் அப்பாவைப் பார்த்து, "இவரு யாருப்பா?" என்று கேட்டார்.

இதுதான் அந்த இடம். அந்த இடத்தில் இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி நாலு பாஷையில் பேசக் கற்றுக்கொண்டவன் ஒன்றில்கூட வாயைத் திறக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பட்டறையில் விட்ட அந்த அறைக்குப் பிறகு அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ரெஜினாம்மா பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

"சூசைக்குத் தம்பிங்க நானு. புள்ளைக்குச் சித்தப்பன்."

ரெஜினாம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதான் நடை அப்படியே இருக்கிறது என்றார். பேர் என்ன என்று கேட்டார். பேர் வைக்க வராத குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சின்ன சூசை. அண்ணன் பெரிய சூசை."

விழாவில் முதல் பிரதியை ரெஜினாம்மா பெறுவதாக இருந்தது. அவர் பிடிவாதமாக விட்டுக்கொடுத்துவிட்டார். செத்தவரின் கூடப்பிறந்தவர் வந்திருக்கும்போது நான் வாங்குவது முறையா என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைமை தாங்கி, குடைக் கவிதையைக் குரல் நடுங்கப் படித்தார். மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் குழியில் இறங்குவதைக் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. பிறகு கறுப்புக் கட்டம் போட்ட முதல் பிரதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாணிக்கம்தான் தொகுப்பாளர். மைக்கைப் பிடித்துவிட்டால் அவன் வேறு ஆளாகிவிடுவான். "அமரர் பெரிய சூசை அவர்களின் அருமைத் தம்பி, தம் அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்" என்று அறிவித்துவிட்டான்.

அப்பா பேச மாட்டார் என்று நினைத்தேன். வீட்டிலேயே அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எழுந்து வந்தார். மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார்.

"எனுக்குப் பேச வராது. எங்கண்ணன் மர வேல செய்றவன். கோவக்காரன். இந்தப் புள்ளைய ஒரு தபா பட்டறையில நாலு பேரு எதிர்ல அட்ச்சிட்டான். ஒரு இழைப்புளிக்கோசரம். இழைப்புளி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். வாங்கிட்டான். புள்ளைய எங்க போயி வாங்கறது?"

அவர் புத்தகத்தின் அட்டையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே, ஒரு பலகையின் வழவழப்பைப் பார்க்கிற மாதிரி, மேலே சொன்னார்.

"பட்டறைக்கு எதிர்லயே டீக்கட கீது. அங்க குடிக்க மாட்டான். தெனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, பெங்களூர் வண்டி நிக்கற பக்கமா நின்னுகினு குடிப்பான். டீ ஆறிப் பூடும், அப்பவும் நிப்பான். இப்ப செத்துட்டான்றீங்க. சரி. ஆனா புள்ள மேல அவனுக்குக் கோவம் இல்ல. அத்தச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

போய் உட்கார்ந்துவிட்டார். ரெஜினாம்மா தேம்பித் தேம்பி அழுதார். டீக்கடையில் அழுத அதே வெல்டர் இங்கேயும் எழுந்து வெளியே போனார். நான் மேடையில் மூக்கு ஒழுக விம்மிக்கொண்டிருந்தேன். "கவிஞர் தந்தையின் நினைவில் கண்ணீர் வடிக்கிறார்" என்று மாணிக்கம் மைக்கில் வர்ணனை செய்தான்.

அடுத்தது என் ஏற்புரை. மைக்கின் முன்னால் போய் நின்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவர் சித்தப்பா இல்லை, எனக்குச் சித்தப்பாவே கிடையாது, இவர்தான் சூசை, நான் ஒரு பொய்யன் என்று சொல்ல எல்லா வார்த்தையும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போது பார்த்தேன். முன்வரிசையில் சாமியார், ஈர முந்தானையோடு ரெஜினாம்மா, என் பேரை அட்டையில் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் லேத் பட்டறை நண்பர்கள். இவ்வளவு மரியாதை எனக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை.

"சித்தப்பாவுக்கு நன்றி" என்றேன்.

அப்பா கை தட்டினார். இருபத்திரண்டு கவிதைகளும் சேர்ந்து எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கைதட்டல்தான். இன்றைக்கும் சில சமயம் காதில் கேட்கும்.

ரெஜினாம்மா வீட்டில் மத்தியானம் பிரியாணி. அப்பாவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரெஜினாம்மா ரசம் கொண்டுவர உள்ளே போனதும் அப்பா இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் செத்த அன்னிக்கு மழையா பேஞ்சுது?"

"கவிதைப்பா அது" என்று முனகினேன்.

"பட்டறையில மரம்லாம் நனஞ்சிருக்குமே" என்றார். கவலையாகத்தான் சொன்னார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போய்விடுவாரோ என்ற பயத்தில், இப்போதே எழுந்து ரெஜினாம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் எச்சில் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வோணாம் நைனா. அந்தம்மா அழுது பூச குட்த்துக்கீது. இப்பப் போயி உயிரோட கீறேன்னா மனசு உட்டுப் பூடும். பூந்தமல்லிக்கு வந்தா நான் அப்பன். இங்க சித்தப்பனாவே இருந்துட்டுப் போறேன்."

ஜோல்னாப் பையிலிருந்து, பக்கங்களை நறுக்கி வைத்திருந்த அவருடைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். தனக்கு மேடையில் கிடைத்ததையே வைத்துக்கொள்வதாகவும், அதில்தான் தான் முழுசாக இருப்பதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் அவர்களோடு பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரப் பாதை அவ்வளவு சின்னது என்று தெரிந்திருந்தால் ஒன்பது வருஷத்தை மிச்சம் பிடித்திருக்கலாம்.

இனி நான் பொய்யைத் திருத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். திருத்தவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் என்ற அறிவிப்பு அது. பூந்தமல்லிக் கோயிலில் "சூசையின் மகன்" என்று வாசித்தார்கள். அதே மூன்று ஞாயிறும் அம்பத்தூரில் எங்கள் உபதேசியார், பழைய ஞாபகத்தில், "மறைந்த சூசையின் மகன்" என்று வாசித்தார். ஒரே காலையில் அப்பா ஒன்பது மணிக்கு ஓர் ஊரில் உயிரோடும் பத்து மணிக்கு இன்னோர் ஊரில் செத்தும் இருந்தார். என் மனைவியிடம் கல்யாணத்துக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். (உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.) அவள் ஒரு நாள் பூராவும் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து அவரை "சின்ன மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிள்ளைகள் பிறந்ததும் அது "சின்னத் தாத்தா" ஆனது. வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் யாராவது ஒருவர், "சின்னத் தாத்தா பட்டறையில மரம் நனையுது" என்று குரல் கொடுப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

ரெஜினாம்மா வருஷா வருஷம் நவம்பர் கல்லறைத் திருநாளில் பெரிய சூசைக்கு ஒரு பூசை கொடுத்தார். வருஷா வருஷம் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்பத்தூர் வந்து, தனக்கான பூசையை முழங்காலில் நின்று பார்த்தார். ஏன் இந்த வயசில் அலைகிறீர்கள் என்று கேட்டால், "செத்தப்புறம் யாரு குடுப்பாங்களோ, நம்ம காதால கேட்டுக்கினா நல்லது" என்பார். நான் அதற்குப் பிறகு கவிதை எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாதம், அப்பா நிஜமாகவே போனார். பட்டறையில் உட்கார்ந்தபடியே. அன்று மழை பெய்யவில்லை. தார் உருகும் வெயில். கல்லறையில் ஸ்டெல்லா என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். குடை இருந்தது. பெட்டியைக் கயிறு கட்டி இறக்கும்போது நான் அதுவரை அம்பத்தூர்க்காரர்கள் நாலு பேர் எதிரில் சொல்லாததைச் சொன்னேன். அப்பா என்று கத்தினேன். நிறுத்த முடியவில்லை.

மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த ரெஜினாம்மா, கண் புரை விழுந்து தடுமாறியபடி என்னிடம் வந்து முதுகைத் தடவினார். நான் அவர் தோளில் சாய்ந்து, "இவருதாம்மா எங்க அப்பா" என்றேன். பன்னிரண்டு வருஷம் தாமதமாகச் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

"ஆமாம்பா" என்றார் அவர். "சித்தப்பன்னா அப்பன்தான். எனக்குத் தெரியாதா? பெத்த அப்பனுக்கு அழுததுக்கு மேலயே அழுவுற நீ."

மாணிக்கம் என்னைப் பார்த்தான். அவனும் தலையை ஆட்டி, ஆமாம் மச்சான் என்றான்.

அந்த நவம்பரிலிருந்து ரெஜினாம்மா இரண்டு பூசை கொடுக்க ஆரம்பித்தார். ஒன்று பெரிய சூசைக்கு, ஒன்று சின்ன சூசைக்கு. அவர் போன பிறகு நான் கொடுக்கிறேன். உபதேசியார் இரண்டு பேரையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது என் பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவார்கள். ஒருத்தருக்கு எதற்கு இரண்டு பூசை, ஒன்றை நிறுத்திவிடேன் என்று ஸ்டெல்லா ஒவ்வொரு வருஷமும் சொல்கிறாள். நியாயம்தான். ஆனால் பெரிய சூசைக்குக் கொடுப்பதை நிறுத்தினால் என்னை வளர்த்தவர் போய்விடுகிறார். சின்ன சூசைக்கு நிறுத்தினால் என்னை மன்னித்தவர் போய்விடுகிறார். எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியாமல் இந்த வருஷமும் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.